குழல் வேறு, தோட்டா வேறு

தீபாவளிக்கு மறுநாள் காலையில், வெடிக்காமல் கிடக்கும் பட்டாசுகளைத் தெருத்தெருவாகப் பொறுக்கித் திரிந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். திரி அணைந்துபோன வெடியின் சணலைப் பிரித்து, உள்ளேயிருக்கும் மருந்தைத் தாளில் கொட்டிக் கொளுத்துவோம். 'டமார்' என்று அதிர வேண்டியது 'புஸ்' என்று எரிந்து அடங்கிவிடும். புருவத்தைப் பொசுக்கிய விளையாட்டு அது. இன்று எந்தப் பிள்ளை செய்தாலும் ஓடிப்போய்த் தடுப்பேன். ஆனால் அன்று கண்ணால் கண்டது மறக்கவில்லை. மருந்து ஒன்றுதான். இறுக்கிக் கட்டியிருந்தபோது வெடித்தது, அவிழ்த்துவிட்டதும் வெறுமனே எரிந்தது.

வீடு மாற்றும்போது துப்பாக்கியை எப்படிக் கட்டிக் கொண்டுபோவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தப் 'புஸ்'ஸுக்குள் இருக்கிறது.

நம்மூரில் இது அரிதாக எழும் கேள்வி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர்தான் துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. அமெரிக்காவின் கதை வேறு. ஜெனீவாவிலிருந்து இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அங்கே பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடி. மக்கள்தொகையைவிட அதிகம். வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு துப்பாக்கியையும் மூட்டை கட்டுகின்றன. அங்கே குடியிருக்கும் தமிழர்களுக்கு இது குறைந்தபட்சம் பக்கத்து வீட்டுச் சங்கதி.

ஒரு பயணத்தை எண்ணிக்கொள்வோம். அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் 1,900 கிலோமீட்டர். காரில் இரண்டு நாள். புறப்படும் ஊர் பாலைவனம்; போய்ச் சேரும் ஊரின் காற்று நம் சென்னைக் காற்றுபோலப் பிசுபிசுப்பானது. இந்த வேறுபாடு எஃகுக்கு என்ன செய்யும் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் தோட்டா.

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்த ஒரு சிமிழ். பித்தளை உறை, அதன் வாயில் செருகிய குண்டு, உள்ளே மருந்து, அடிப்புறத்தில் பிரைமர் எனப்படும் சின்னக் கிண்ணம். பிரைமர் நமக்குப் புதிதில்லை. கல்லால் தட்டினால் 'பட்'டென்று வெடிக்கும் பொட்டு வெடியும், விளையாட்டுத் துப்பாக்கியில் சுருளாக ஓடும் கேப்பும் அதன் உறவுக்காரர்களே. தட்டினாலே தீப்பிடிக்கும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1807இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பிரைமர்களில் பெரும்பாலும் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட். தோட்டாவில் அடிபடக் கூடாத இடம் என்றால் அந்தக் கிண்ணம்தான்.

உள்ளே இருக்கும் மருந்து புகையில்லா வெடிமருந்து. பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1884இல் உருவாக்கியது. நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் அடிப்படை. பிரிட்டன் செய்துகொண்ட வகைக்குக் கார்டைட் என்று பெயர். நீலகிரி மலை ரயிலில் குன்னூரைத் தாண்டிப் போனவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது: அருவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறதே, அந்தத் தொழிற்சாலையின் பெயரிலேயே கார்டைட் உண்டு.

இப்போது 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் எடை ஏறத்தாழ 8 கிராம், உறை 4 கிராம். துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் அது இருக்கும்போது சுற்றிலும் எஃகுச் சுவர், பின்னால் எஃகு அடைப்பு. வெளியே போகக் குழல் ஒன்றுதான் வழி. மருந்து எரியும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை ஏறலாம் என்பது அமெரிக்கத் தரம். காரின் டயருக்குள் நாம் அடிக்கும் காற்றைப் போல ஆயிரம் மடங்கு. அந்த நெருக்கலில் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது.

அதே தோட்டா அட்டைப்பெட்டியில் கிடக்கும்போது பெட்டி தீப்பிடித்தால் என்ன ஆகும்? தாங்கிப் பிடிக்க எஃகு இல்லாததால் அழுத்தம் ஏறும் முன்பே மெல்லிய பித்தளை கிழிந்துவிடும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரு பக்கமும் ஒரே உந்தம். இரண்டில் கனமான குண்டு மெதுவாக நகர, லேசான உறைத் துண்டுகளும் பிரைமரும்தான் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து, தோலைக் கிழிக்கும். ஆனால் சுவரைத் துளைக்காது. தோட்டா உற்பத்தியாளர்களின் தரக் கழகமான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தோட்டாக்களைத் தீயில் இட்டு எரித்துப் பார்த்து, தீயணைப்பு வீரர்களுக்காக அதைப் படமாகவும் எடுத்தது. வீரர்கள் வழக்கமாக அணியும் கனத்த பாதுகாப்பு உடையே அந்தத் துண்டுகளைத் தடுக்கப் போதுமானது என்பது அதில் தெரிந்தது.

எரிகிற வீட்டில் தீயணைப்பு வீரர் உண்மையிலேயே அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு: தோட்டா அறையில் தோட்டாவோடு கிடக்கும் துப்பாக்கிக்கு. விசையைத் தொட ஆளே வேண்டாம், சூடேறினால் அது சுட்டுவிடும். குழல் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில், முழு வேகத்தில்.

ஆக, தோட்டா தனியாக இருந்தால் ஒரு பட்டாசு. துப்பாக்கி தனியாக இருந்தால் ஓர் இரும்புக் குழாய். தோட்டா அறைக்குள் அவை சேரும் அந்த இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடத்தில்தான் கொலைக்கருவி பிறக்கிறது. மூட்டை கட்டும் வேலை முழுவதும் அந்தச் சேர்க்கையைத் தடுக்கும் வேலை. பெட்டி எவ்வளவு விலை, பஞ்சு எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு.

அறை காலியா என்று பார்ப்பது எளிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் வரிசை மாறினால் அந்த எளிய வேலையே பொறியாகிவிடும். தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினை முதலில் உருவி எடுத்துவிட்டு, பிறகு குழலின் மேல் சறுக்கும் மேல்சட்டத்தை இழுத்தால் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், அறை காலி. மேகசின் உள்ளே இருக்கும்போதே சட்டத்தை இழுத்தால் பழைய தோட்டா விழும், அதே அசைவில் புதிய தோட்டா ஒன்று அறைக்குள் ஏறிவிடும். அதன்பிறகு மேகசினை உருவியவர், காலி செய்துவிட்டதாக மனதார நம்பிக்கொண்டிருப்பார். கீழே ஒரு தோட்டா கிடப்பதைக் கண்ணால் பார்த்தாரே! துப்பாக்கி காலி என்று நம்பியபடியே நடந்த விபத்துகளுக்குப் பின்னால் இந்த வரிசைப் பிழை அடிக்கடி ஒளிந்திருக்கிறது. குழலுக்கடியில் குழாய்போல மேகசின் உள்ள பழைய ரைஃபிள்களில் கடைசித் தோட்டா சுருள்வில்லில் சிக்கி நின்றுவிடுவதும் உண்டு. அதனால்தான் அனுபவசாலிகள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. சட்டத்தைத் திறந்து நிறுத்திவிட்டு, சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொருவரைக் கொண்டும் பார்க்க வைப்பார்கள். குழல் அதுவரை ஆளில்லாத பக்கமே நோக்கியிருக்கும்.

தாத்தா காலத்து வாய்வழி மருந்திடும் துப்பாக்கி சுவரில் மாட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதைப் பின்பக்கம் திறந்து பார்க்க முடியாது. கருமருந்து உலர்ந்திருந்தால் தலைமுறை கடந்தும் வீரியத்தோடு இருக்கும். உள்ளே குண்டும் மருந்தும் இருக்கிறதா என்று அறிய ஒரு பழைய உத்தி உண்டு. மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் போகும் மட்டும் விட்டு, வாயோரத்தில் குறியிட வேண்டும். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தால், முனை தீத்துளை வரை வர வேண்டும். இரண்டு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ அடைத்துக் கிடக்கிறது. அதைத் தோண்டிப் பார்க்கக் கூடாது; துப்பாக்கி செப்பனிடுபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

காலி செய்தபின் அதைக் காலியாகவே வைத்திருக்கச் சில எளிய கருவிகள் உண்டு. 2005இல் நிறைவேறிய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ அதுபோன்ற பாதுகாப்புக் கருவியோ சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. அவற்றுள் கேபிள் பூட்டின் அறிவு எனக்குப் பிடிக்கும். விசையைப் பூட்டாமல், அந்தக் கம்பிவடம் தோட்டா அறை வழியாகவே நுழைந்து வெளியே வருகிறது. தோட்டா உட்கார வேண்டிய இடத்தில் கம்பி உட்கார்ந்துவிட்டால் அங்கே வேறொன்று ஏற முடியாது. தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் உள்ள ரைஃபிளில் வேலை இன்னும் சுலபம்: போல்ட்டையே கழற்றி வேறு பெட்டியில் போட்டுவிடலாம். சேஃப்டி பொத்தானை மட்டும் நம்பி ஏற்றுவது தவறு. கீழே விழுந்தாலே சுட்டுவிடும் பழைய வகைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரின் சுத்தி, தோட்டாவின் பிரைமர் மேலேயே படிந்திருக்கும் அமைப்புடையது. ஆறு தோட்டா கொள்ளும் உருளையில் ஐந்து மட்டும் இட்டு, சுத்தியின் கீழ் ஒன்றைக் காலியாக விடுவது அந்தக் காலத்து வழக்கம். அதே பாணியில் ரிவால்வர் செய்த ரூகர் நிறுவனம், விசையை இழுத்தால் மட்டுமே சுத்தியின் அடி பிரைமரை எட்டும்படி 1973இல் இடைப்பட்டை ஒன்றைச் சேர்த்தது.

தோட்டாக்களுக்கு அவை வந்த பெட்டியே நல்லது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி இருப்பதால் ஒன்றின் முனை இன்னொன்றின் பிரைமரில் இடிக்காது. காபிப்பொடி டப்பாவில் எல்லாவற்றையும் கலந்து கொட்டிக் கொண்டுபோகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பயணத்தைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகு காத்திருக்கிறது. ஷாட்கன்களின் குழல் அளவைக் கேஜ் என்பார்கள்; எண் கூடினால் குழல் சிறிது. 20 கேஜ் தோட்டா, 12 கேஜ் துப்பாக்கியின் அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் அளவு உடையது. அறை காலியாகத் தெரியும். சரியான 12 கேஜ் தோட்டாவை அதன் பின்னால் இட்டுச் சுட்டால் குழல் பிடித்த கைக்கு அருகிலேயே வெடிக்கும். இந்த ஒரு குழப்பத்தைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

வெயில்? கோடையில் ஃபீனிக்ஸில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நைட்ரோசெல்லுலோஸ் தானாகத் தீப்பிடிக்க 160 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே இரண்டு நாள் பயணத்தில் தோட்டா வெடிக்காது. ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் மெல்லத் தானே சிதையும் பொருள். சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். இதன் விலையை முதலில் கொடுத்தது பிரான்ஸ். தூலோன் துறைமுகத்தில் ஈயேனா என்ற போர்க்கப்பல் 1907 மார்ச் 12 அன்று வெடித்து ஏறத்தாழ 120 பேர் இறந்தனர். அதே துறைமுகத்தில் 1911 செப்டம்பரில் லிபர்ட்டே வெடித்து 200 பேருக்கு மேல் மாண்டனர். கிடங்கில் சிதைந்துபோன வெடிமருந்தையே இரண்டுக்கும் காரணமாகக் கருதுகிறார்கள். இன்று மருந்தில் டைஃபினைல்அமைன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். அது அந்த வாயுக்களை விழுங்கிக்கொள்கிறது. வெப்பம் கூடக்கூட அதன் ஆயுள் குறையும். ஆகவே பயணத்தைவிட, புது வீட்டில் எங்கே அடுக்குகிறோம் என்பது முக்கியம். கூரைக்குக் கீழுள்ள பரணும் வெயில் காயும் கராஜும் ஆகாது.

வண்டியில் எப்படி வைப்பது என்பதில் சட்டமும் இயற்பியலும் ஒரே பேச்சைப் பேசுகின்றன. 1986இல் நிறைவேறிய துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகிறவருக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அவர் அதைச் சட்டப்படி வைத்திருக்க உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கையிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள டேஷ்போர்டு அறை அந்தக் கணக்கில் வராது.

இந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும் என்பதை 2005இல் ஒரு பயணி பெரும்பாடு பட்டுக் கற்றார். யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு நியூஜெர்சியின் நியூவர்க் வழியே பறந்தவர் அவர். துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா இன்னொன்றில். விமான நிறுவனத்திடம் முறைப்படி சொல்லியும் இருந்தார். இணைப்பு விமானம் தவறியதால் பெட்டியை வாங்கிக்கொண்டு நியூவர்க்கில் ஓர் இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதாகத் தானே சொன்னபோது கைதானார். சில நாட்கள் சிறை. பிறகு வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த எதிர்வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: ஹோட்டலில் அந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்துவிட்டதே! நேர்மையாக நடந்த மனிதருக்கு இது கொடுமை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆயினும் வழித்தடத்தை வகுக்கும்போதே, இரவு எந்த மாநிலத்தில் தங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். நியூஜெர்சியைப் போலன்றி, ஐ-10 போகும் அரிசோனா, நியூமெக்சிகோ, டெக்சாஸ் மூன்றிலும் அறைக்குள் எடுத்துச் செல்வதே பெரும்பாலும் நல்லது; நிறுத்திய காரை உடைத்துத் துப்பாக்கி திருடுவது அங்கே அன்றாடச் செய்தி.

சாமான் ஏற்றும் மூவர்ஸ் நிறுவனங்கள் தோட்டாவையும் வெடிமருந்தையும் ஏற்க மாட்டா. துப்பாக்கியை ஏற்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஏற்றால், உள்ளே இருப்பது என்ன என்று எழுத்தில் தெரிவித்தே ஒப்படைக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். வரிசை எண்களைக் குறித்துப் படமெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்வது, தொலைந்தால் கண்டுபிடிக்க ஒரே பிடி. முடிந்தவரை சொந்த வண்டியில் கொண்டுபோவதே நல்லது.

பழைய பைகளையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 2023இல் மட்டும் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகள் அகப்பட்டன. அவற்றில் 93 விழுக்காட்டில் தோட்டா இருந்தது. பையில் இருப்பதே நினைவில்லை என்பதுதான் அங்கே பெரும்பாலும் கேட்கும் பதில். வீடு மாற்றும் நாளில் அலமாரி மூலையில் கிடந்த பையை இழுத்து அதில் பொம்மையைத் திணிப்பது பிள்ளைகள்தாம். அன்று வீடு முழுக்க ஆட்கள், திறந்த கதவுகள், எங்கோ வைத்த சாவிகள். ஆகவே மற்ற எதையும் கட்டுவதற்கு முன்பே, வீடு அமைதியாக இருக்கும்போது, துப்பாக்கிகளைத் தேடி எடுத்துப் பூட்டிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வேலை போனதாலும் மணமுறிவாலும் வீடு மாறுகிறவர்கள் பலர். வீட்டில் யாருடைய மனமாவது உடைந்திருந்தால், இந்தப் பயணத்தில் துப்பாக்கி கூட வர வேண்டாம். அந்த மாநிலச் சட்டம் இடம்தரும் வகையில், நம்பிக்கையான உறவினரிடமோ துப்பாக்கிக் கடையிலோ காவல் துறையிடமோ சில மாதம் ஒப்படைத்துவிடலாம்.

துப்பாக்கிக்கு வருவோம். பாலைவனத்தில் பல ஆண்டு பளபளப்பாக இருந்த எஃகு ஹூஸ்டனில் சில வாரங்களில் துருப்பிடிக்கலாம். துருவேற்றம் ஈரப்பதத்தோடு சீராக ஏறுவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்ததும் சட்டென்று வேகம் பிடிக்கிறது. இந்த வரம்பைத் தெளிவாகக் காட்டியவர்களில் முதன்மையானவர் வெர்னன் என்ற பிரிட்டிஷ் வேதியியலர். 1920களிலும் 30களிலும் செய்த ஆய்வு அது. விரல்ரேகையில் ஒட்டிய வியர்வை உப்பு இந்த வரம்பை இன்னும் கீழே இழுத்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு தானே வாங்கி, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தை எஃகின் மேல் பரப்புகிறது.

பயணத்துக்கு மெத்தென்ற ஸ்பாஞ்சு பெட்டி ஏற்றது, அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அதே ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகோடு ஒட்டவும் வைக்கும். தோலுறை அதைவிட மோசம், பதனிடப் பயன்படுத்திய உப்பும் அமிலமும் தோலில் தங்கியிருக்கும். பெட்டியும் உறையும் வழிப்பயணத்துக்கு மட்டுமே. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது நல்லது.

இரும்பு அலமாரியைப் பற்றிச் சுருக்கமாக: துப்பாக்கிகளை உள்ளே வைத்தபடி அதை நகர்த்தக் கூடாது. பல நூறு கிலோ எடை, கதவுப் பக்கம் கனம். சாய்ந்தால் பிடிக்க முடியாது. தீத்தடுப்பு அலமாரிகள் பலவற்றின் சுவரில் ஜிப்சம் பலகை உண்டு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீயில் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பத்திரங்கள் கருகாமல் பிழைப்பது அதனால்தான். ஆனால் உள்ளிருந்த துப்பாக்கி ஆவியில் நனைந்து துருவேறி வெளிவரும்.

ஹூஸ்டன் வந்தாகிவிட்டது. ஏசி ஓடிய காரிலிருந்து இறக்கிய பெட்டியை உடனே திறக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பு வெளியே வியர்ப்பதுபோல, குளிர்ந்த எஃகும் ஈரக்காற்று பட்டதும் குழலுக்குள்ளும் வெளியிலும் வியர்க்கும். பெட்டியை மூடியபடி சில மணி நேரம் விட்டு, வீட்டின் வெப்பத்துக்கு வந்தபின் திறக்கலாம். அதற்குள் அலமாரியைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கிவிட முடியும். தோட்டாப் பெட்டிக்கு வேறு அறையில் வேறு பூட்டு. பிறகு ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, ஃபீனிக்ஸில் செய்ததையே மறுபடியும் செய்ய வேண்டும். மேகசின் இல்லை என்று பார்த்து, சட்டத்தைத் திறந்து, சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவி, விரல் பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பூட்ட வேண்டும்.